சப்பைமூக்கர் வீட்டுப் பெயர்

பீட்டர்ஸ்பர்க்
1800, ஜூன் 8

அன்பு மகள் உஸ்தீன்யாவுக்கு உன் சித்தப்பா சிசோய் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ சுகமா? உன் இடுப்பு வலியும் பசுவின் மடிவீக்கமும் இறங்கினவா? இரண்டுக்கும் ஒரே மருந்துதான், கற்பூரத் தைலம். வைத்திய சாஸ்திரம் முழுவதையும் நான் காதால் கேட்டே படித்தவன். வழியில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற தபால் கனவானுக்கும் என் தாழ்மையான வணக்கம். ஐயா, உங்கள் கண் நோகக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்.

உன் தம்பி கொந்த்ராத் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். சேர்ந்தான் என்பது தப்பு, நான் சேர்த்தேன். கர்னல் ட்ரோஸ்ட் எனக்கு அவ்வளவு நெருக்கம். போன வாரம்கூட முற்றத்தில் அத்தனை அதிகாரிகள் நிற்க, என்னை மட்டும் பார்த்து, "யோவ் கொழுப்பு, வண்டிய ஓரங்கட்டுய்யா" என்று எவ்வளவு உரிமையோடு கூப்பிட்டார் தெரியுமா?

சித்தப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று உங்கள் ஊர் டார்ஷோக்கில் யாராவது கேட்டால், சக்கரவர்த்தியின் சேனைக்கு மகுடம் செய்கிறவர் என்று சொல். இப்போது சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் முதுகில் பின்னல் தொங்க வேண்டும், காதோரம் சுருள் நிற்க வேண்டும், எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். சட்டம். அதற்கான பன்றிக்கொழுப்பும் மாவும் என் பீப்பாயிலிருந்துதான் போகின்றன. தலையில் கொழுப்பைப் பூசி, புளித்த ரொட்டித் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பி, மாவைத் தூவி உலரவிட்டால் ஆமை ஓடு மாதிரி இறுகிவிடும். பின்னலுக்குள் இரும்புக் கம்பி. முந்தின நாளே கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தத் தலைகள் ஆயிரம் ஒன்றாக நின்றால் கிளம்புகிற நாற்றத்துக்கு நம் மொழியில் சொல் கிடையாது. லத்தீனில் இருக்கும். எலிகளுக்கோ விருந்து. கொந்த்ராத்தின் பின்னலையும் ஒன்று கடித்திருக்கிறது. "எலிக்குக்கூட என் மேல மரியாதை சித்தப்பா. உள்ள வரல, வாசல்லயே சாப்பிட்டுட்டுப் போயிடுச்சு" என்கிறான் பயல்.

அவனுக்கு ஒரு யோசனை சொல்லி வைத்திருக்கிறேன். "வரிசையில பேரைக் கூப்பிட்டா கீச்சுன்னு கத்தாதடா. குர்னோசவ்ங்கற பேரு அரண்மனை ஜன்னல்ல போய்த் தட்டணும். அப்பதான் பெரிய இடத்துக் கண்ணு படும்." தலையாட்டினான், கம்பி விட்ட அளவுக்கு.

ஆசீர்வாதத்துடன்,
சிசோய் குர்னோசவ்

*

டார்ஷோக்
1800, ஜூலை 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு உஸ்தீன்யாவின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கற்பூரத் தைலத்தைப் பசு நக்கிவிட்டு என்னை முட்டியது. ஆகவே இடுப்பு வலி இன்னும் இருக்கிறது.

தம்பிக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மார்பில் வாத்துக் கொழுப்புத் தடவச் சொல்லுங்கள். தலையில் அவ்வளவு கொழுப்பு வைக்கிறவர்களுக்கு மார்புக்குக் கொஞ்சம் இருக்காதா?

நான் தபால் நிலையத்து வாசலில் வழக்கம்போல அடை சுட்டு விற்கிறேன். தலைநகரிலிருந்து வருகிற வண்டி ஒவ்வொன்றும் இங்கேதான் குதிரை மாற்றுகிறது. வண்டிக்காரர்களிடம் உங்கள் பெயரைச் சொல்லி விசாரித்தேன். "அரண்மனையில பெரிய ஆளாமே"ன்னு கேட்டேன். ஒருவன் முகத்தைச் சுளித்து, "ஓ, காத்து அடிக்கற பக்கம் பார்த்து நிக்கணுமே, அவரா?" என்றான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈஸ்டருக்கு நீங்கள் வந்தபோது உங்களை மேசையின் கடைசியில் உட்கார வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் போனபிறகு அந்தப் பெஞ்சைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கொந்த்ராத் ஒருத்தன்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். "நம்ம சித்தப்பா நாத்தம்தானே"ன்னு சொன்னான். அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா போனபிறகு எனக்கு அவன் ஒருவன்தான்.

உங்கள் மகள்,
உஸ்தீன்யா

*

பீட்டர்ஸ்பர்க்
1800, ஆகஸ்ட் 11

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். சுகம், சுகமறிய அவா. தபால் கனவானுக்கும் வணக்கம். உன் போன கடிதத்தின் முத்திரை கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அவசரம் வேண்டாம் ஐயா, நிதானமாகப் படியுங்கள்.

இப்போது என் பெருமை சொல்கிறேன். சக்கரவர்த்தியை நான் ஒரு குதிரை தூரத்தில் தரிசித்தேன்! அவர் வரும்போது வண்டியில் போகிறவர்கள் எல்லாம் இறங்கி மண்டியிட வேண்டும். மழையாவது சேறாவது, சட்டம். முந்தாநாள் நானும் பீப்பாய் வண்டியிலிருந்து குதித்தேன். குதித்த இடம் சேறு மட்டும் இல்லை, குதிரைகள் நின்ற இடம். பக்கத்தில் பட்டு உடுத்திய ஒரு சீமாட்டி, பிரபு வீட்டுப் பெண், முழங்கால் வரை அதே சாணிக் குழம்பில். எவ்வளவு சமத்துவம் பார்! என்ன, குதிரைக் குளம்பிலிருந்து தெறித்ததில் கொஞ்சம் என் வாய்க்குள் போய்விட்டது. துப்பலாமா கூடாதா என்று சட்டத்தில் தெளிவில்லை. விழுங்கிவிட்டேன். அந்த ருசி இன்னும் நாக்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. வெங்காயம் தின்றாலும் போகவில்லை.

வட்டத் தொப்பி போட்டவனைத் தெருவிலேயே பிடித்துத் தொப்பியைக் கிழிக்கிறார்கள். சில வார்த்தைகளைப் பேசக் கூடாது. சில வார்த்தைகளைத் தடை செய்யவில்லை, ஆனாலும் ஒருவரும் பேசுவதில்லை. உதாரணமாக, முகத்தின் நடுவில் இருக்கிறதே, அது ஒரு மாதிரி அமுங்கி இருந்தால் நாம் சொல்கிற வார்த்தை. புது வெள்ளிக் காசில் திருமுகமே இல்லை, எழுத்துதான் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே. நான் எதுவும் எழுதவில்லை.

நம் வீட்டுப் பெயரிலேயே அந்த வார்த்தை உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். தாத்தாவின் தாத்தாவுக்கு மூக்கு அப்படி, ஊர் குர்னோசவ் என்றது. அதை நான் இங்கே லேசாக இஸ்திரி போட்டுவிட்டேன். இனி நான் பிர்யமனோசவ். நேர்மூக்கர். என்ன கம்பீரம்! கொந்த்ராத்தையும் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். சிரிக்கிறான். "பேரை மாத்திட்டா அப்பா கல்லறையில போய் யாரு வந்திருக்கேன்னு சொல்றது சித்தப்பா?" என்கிறான். சின்னப் பயல், உலக ஞானம் போதாது.

ஆசீர்வாதத்துடன்,
சிசோய் பிர்யமனோசவ்

*

டார்ஷோக்
1800, ஆகஸ்ட் 30

சித்தப்பாவுக்கு வணக்கம். சுகம்.

அடியில் நீங்கள் போட்ட பெயரைப் பார்த்து வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன். சக்கரவர்த்திக்கு மூக்கு சப்பை என்றால் அதற்கு நாம் என்ன செய்வது? அவர் பிறப்பதற்கு முன்னாலேயே நம் தாத்தா சப்பைமூக்கர். அவரைக் கேட்டா நாம் பெயர் வைத்தோம்? சாணியை விழுங்கினீர்கள், சரி, வாய் தானே, கழுவிக்கொள்ளலாம். பெயரையும் ஏன் விழுங்கினீர்கள்?

தம்பி சொன்னதுதான் சரி. அவனுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

உஸ்தீன்யா குர்னோசவா

*

பீட்டர்ஸ்பர்க்
1800, செப்டம்பர் 20

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். முதலில் தபால் கனவானுக்கு ஒரு விண்ணப்பம். ஐயா, என் மகள் அதிகம் படிக்காதவள். போன கடிதத்தில் "மூக்கு சப்பை" என்று அவள் எழுதியிருப்பது "மூட்டை சப்பை" என்பதன் எழுத்துப்பிழை. மாவு மூட்டை வழியில் நசுங்கிவிட்டது என்று பொருள். அவள் வீட்டார் அனைவரும் ராஜவிசுவாசிகள், பசு உட்பட.

மகளே, இப்படியா எழுதுவாய்? அதை விடு. மகா சந்தோஷமான சேதி. நம் கொந்த்ராத் பெரிய இடத்துக் கவனத்துக்கு வந்துவிட்டான்!

போன வாரம் அணிவகுப்பு. நானும் பீப்பாயோடு முற்றத்தில் இருந்தேன். சார்ஜெண்ட் அரைச் செவிடு, தான் கத்துவது தனக்கே கேட்காது. சக்கரவர்த்தியின் குதிரை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிற அந்த நேரம் பார்த்து அவன் "குர்னோசவ்!" என்று கூப்பிட, நம் பிள்ளை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, "குர்னோசவ், ஆஜர்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் விட்டான் பார், மணிக்கூண்டில் புறாக்கள் பறந்தன. சக்கரவர்த்தியின் காதில் விழுந்ததா இல்லையா, யாருக்கும் தெரியாது. குதிரை நிற்கவில்லை. ஆனால் கர்னல் ட்ரோஸ்ட்டின் முகம் மாவு தூவாமலே வெளுத்துவிட்டது. அவ்வளவு வியப்பு!

"யாருடா நீ? என்ன பேருடா சொன்னே?"

"குர்னோசவ் எஜமான். அப்பா விட்டுட்டுப் போன பேரு."

பிறகு கர்னல் என்னைப் பார்த்தும் ஒன்று கேட்டார். நானும் ஏற்ற பதில் சொன்னேன். அது ராஜாங்க விஷயம், கடிதத்தில் எழுதக் கூடாது. கொந்த்ராத்தை மரியாதையாக நாலு பேர் சூழ அழைத்துப் போனார்கள். இப்போது அவனை மூடின வண்டியில், கிழக்கே, விசேஷ காரியமாக அனுப்புகிறார்களாம். மூடின வண்டி! சாதாரணச் சிப்பாய் நடந்துதான் போவான். தெருவுக்கே இனிப்புக் கொடு.

சிசோய் பிர்யமனோசவ்

*

டார்ஷோக்
1800, அக்டோபர் 16

சித்தப்பாவுக்கு.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டி, தெருவுக்கே முட்டைக்கோஸ் அடை கொடுத்தேன். தபால் நிலையத்திலும் கொடுத்தேன். "என் தம்பிக்குப் பதவி உயர்வு. மூடின வண்டியில கிழக்க போறான்." வண்டிக்கார மத்வேய் வாயருகே கொண்டுபோன அடையைக் கீழே வைத்துவிட்டான்.

"யம்மா, இதை யாரு உனக்குச் சந்தோஷ சமாச்சாரம்னு சொன்னது?"

"எங்க சித்தப்பா."

"அந்தாளுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்காரு."

"இருப்பாரு, இருப்பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவன் சொல்லாததை மற்றவர்கள் சொன்னார்கள். மூடின வண்டி கைதிகளை எங்கே கொண்டுபோகும் என்று இந்தச் சாலையில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நீங்கள் எழுதியதால் தெரியாமல் போயிற்று.

இன்னொன்று. உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்படி ஒரு வண்டி இங்கே குதிரை மாற்றியது. உள்ளே யார் என்று யாரும் பார்க்கக் கூடாது. பாவம் யாரோ என்று ஓர் அடையை நீட்டினேன். காவலன் வாங்கி அவனே தின்றான், விரலையும் நக்கினான். உள்ளே யாரோ வாயால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஓடிக் களைத்த நாய் மாதிரி. எனக்கு அருவருப்பாக இருந்தது, தள்ளி நின்றேன். சித்தப்பா, நான் தள்ளி நின்றேன்.

பாதிரியாரிடம் போய் அழுதேன். அவர் சொல்கிறார்: அந்தப் பெயர் பரம்பரைப் பெயர்தான், யாரையும் கிண்டல் செய்யக் கட்டிய பெயர் இல்லை என்று அதே பெயருள்ள பெரியவர் ஒருவர் சர்க்கார் கச்சேரியில் நேரில் நின்று சொன்னால் போதும், பிள்ளையைத் திருப்ப வழி இருக்கிறது. நம் வீட்டில் மிச்சமிருக்கிற ஆண் நீங்கள் ஒருவர்தான். கச்சேரி உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். போங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்று கர்னல் உங்களிடம் என்ன கேட்டார்?

உஸ்தீன்யா

*

பீட்டர்ஸ்பர்க்
1800, நவம்பர் 25

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். இங்கே கடுங்குளிர், ஆற்றின் மேல் வண்டி ஓடுகிறது. உனக்கு உடம்பு எப்படி? தபால் கனவானுக்கும் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

வண்டிக்காரர்கள் பேச்சைக் கேட்காதே. அவர்கள் பூகோளம் படிக்காதவர்கள். கிழக்கு என்பது மிகப் பெரியது, அதில் நல்ல இடங்களும் உண்டு. நீ சொன்ன கச்சேரிக்குப் போனேன். போனேன் என்றால், அந்தத் தெரு வரைக்கும். வாசலில் புதுசாகக் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்டுச் சாயம் அடித்திருந்தார்கள், சட்டை ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். மறுநாள் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் பெரிய அதிகாரிக்குப் பேதியாம். நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்திருந்தால் எழுந்து ஓடி வந்திருப்பார், எதற்குத் தொந்தரவு என்று திரும்பிவிட்டேன்.

கவலைப்படாதே. பட்டாளத்துக்கு இந்த மாதம் இரட்டிப்புக் கொழுப்பு போகிறது. குளிரில் அது நாறாது என்பார்கள். பொய். அடுப்பருகே வந்ததும் முழுதாக நினைவு வந்துவிடும் அதற்கு. ராத்திரி என் கையை மோந்து பார்த்தால் எனக்கே குமட்டுகிறது. சாம்பல், மணல், வோட்கா எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

அவன் சௌக்கியமாகத்தான் இருப்பான்.

சி. பிர்யமனோசவ்

*

டார்ஷோக்
1801, ஜனவரி 19

ஒரே ஒரு வார்த்தை சித்தப்பா. நீங்கள் பிறந்ததிலிருந்து உங்களுடையதாக இருக்கிற வார்த்தை. அதை ஒரு குமாஸ்தா முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு முழங்கால் எதற்கு?

கர்னல் என்ன கேட்டார் என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

உஸ்தீன்யா

*

பீட்டர்ஸ்பர்க்
1801, மார்ச் 17

அன்பு மகளே! உஸ்தீன்யா கண்ணு! சுகமா, சுகமா, சுகமா?

சக்கரவர்த்தி போய்விட்டார்! திடீரென்று மாரடைப்போ மூளையடைப்போ, அரண்மனைக் காகிதத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், எனக்கு அதற்கு மேல் தெரியாது, தெரிந்தாலும் தெரியாது. விடிந்ததும் தெருவைப் பார்க்க வேண்டுமே! எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ, எல்லார் தலையிலும் வட்டத் தொப்பி. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். என்னைக்கூட ஒருவர் கட்டிப்பிடித்தார், உடனே விட்டுவிட்டார். கர்னல் ட்ரோஸ்ட்டும் பின்னலை அறுத்து எறிந்துவிட்டு வட்டத் தொப்பியோடு முதல் ஆளாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைப் பார்த்து வந்த குமட்டல் வேறு மாதிரி.

கைதிகளையெல்லாம் திருப்பி அழைக்கிறார்கள். கொந்த்ராத் வருகிறான்! நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த நகரத்தில் யாருக்கு என்ன செல்வாக்கு என்று யார் கண்டது? என் கிடங்கு வாசலில் புதுப் பலகை மாட்டிவிட்டேன். "சிசோய் குர்னோசவ்" என்று, முழ உயர எழுத்தில். இந்தத் தெருவிலேயே பழைய பெயருக்குத் திரும்பிய முதல் வீரன் நான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் படித்துச் சிரிக்கிறார்கள். தைரியமான சிரிப்பு!

தபால் கனவானே, இனி உமக்கு வேலையில்லை. போய்த் தூங்கும்.

உன் சித்தப்பா,
சிசோய் குர்னோசவ்! குர்னோசவ்!

*

டார்ஷோக்
1801, ஜூலை 5

சித்தப்பாவுக்கு. தபால் கனவானுக்கும் வணக்கம். ஐயா, நீங்கள் தூங்க வேண்டாம். இதையும் படியுங்கள்.

கொந்த்ராத் மே மாதமே வந்துவிட்டான். முகத்தில் துணி கட்டியிருந்தான். பிச்சைக்காரன் என்று நினைத்து வாசலில் நிற்கச் சொன்னேன். "அக்கா, தள்ளி நில்லு, பயந்துடுவே" என்றான். பிறகு துணியை எடுத்தான்.

சவுக்கடி கொடுத்து, இடுக்கி வைத்து இரண்டு நாசியையும் பிய்த்திருக்கிறார்கள். கொலைகாரர்களுக்குச் செய்கிற அடையாளம். மூக்கு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஈ மொய்க்கிறது. தூங்கும்போது வாயால் மூச்சு விடுகிறான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

கடைத்தெருவில் அவனைப் பார்த்ததும் பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொள்கிறார்கள். "மன்னிச்சு அனுப்பிட்டாங்க"ன்னு நான் சொன்னால், "மூக்கை மன்னிக்கலயே"ன்னு ஒருத்தி சொல்கிறாள். அடுப்பிலிருந்து அடையை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு பக்கம் கரியாகியிருந்தது, வீடெல்லாம் தீய்ந்த வாசனை. "இன்னிக்கு நல்லா வந்திருக்கு போல"ன்னு சொல்லித் தின்றான்.

கர்னல் என்ன கேட்டார் என்று நீங்கள் எழுதவேயில்லை. அவன் சொன்னான். நான் கேட்டுக் கேட்டு, ஒரு மாதம் கழித்து.

"யோவ் கொழுப்பு, உன் பேரும் இதே மாதிரி ஏதோ ஒண்ணுதானேய்யா? இவன் உன் ஆளா?"

"என் பேரு பிர்யமனோசவ் எஜமான். இப்படி ஒரு பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல. இந்த மூஞ்சியையும் பார்த்ததில்ல."

"அப்ப பேரே கிடையாது. சக்கரவர்த்திய நக்கல் பண்ண இவனே கட்டினது. இழுத்துட்டுப் போங்கடா."

இதைச் சொல்லிவிட்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சித்தப்பா அன்னிக்குப் பீப்பாயக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு அக்கா. விழுந்துடுவாரோன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு."

நான் அவ்வளவு நல்லவள் இல்லை. உங்கள் பலகையை நினைத்தால் எனக்கு வாந்தி வருகிறது. முழ உயர எழுத்தாம். எழுத்துக்கு என்ன, அதற்கு வலிக்காது. நம் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கொண்டிருந்தவன் ஒருவன்தான், அவனுக்கு இப்போது சப்பையாகக்கூட ஒன்று இல்லை.

ஆனால் அவன் தினமும் கேட்கிறான், சித்தப்பா எப்போது வருவார் என்று. வாருங்கள். மேசையின் கடைசியில் அதே இடம் இருக்கிறது. தைரியமாக அவன் பக்கத்தில் உட்காரலாம். இனி உங்கள் நாற்றம் அவனுக்குத் தெரியாது.

உஸ்தீன்யா

*

பீட்டர்ஸ்பர்க்
1801, ஜூலை 28

மகள் உஸ்தீன்யாவுக்கு.

நேற்று உனக்கு நாலு பக்கம் எழுதினேன். அதில் கர்னல் என் கழுத்தில் வாளை வைத்திருந்தார். இரண்டு சிப்பாய்கள் என் கையை முறுக்கினார்கள். மூன்றாம் பக்கத்தில் நான் ஒருவனை அடித்தும் விட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. வாள் எதுவும் இருக்கவில்லை, கண்ணு. அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். கிழித்துவிட்டேன்.

பலகையை இறக்கிவிட்டேன். கிடங்கை விட்டுவிட்டேன். நாளைக் காலை வண்டி ஏறுகிறேன். உன் வாசலில் வந்து நின்று பெயரைச் சொல்கிறேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். திறந்தால், பெஞ்சுக்குச் சாம்பல் எடுத்து வை.

என் நாற்றம் அவனுக்கு இனித் தெரியாது என்று எழுதியிருக்கிறாய்.

தெரியும். அன்று அந்த முற்றத்தில் நின்ற அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

சிசோய்